கணினிக்குள்ளே இன்னொரு கணினி: நத்தம் பக்கத்து மடிக்கணினிகளும் ஐம்பது வருஷப் பழைய யுக்தியும்

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் நத்தம், செந்துறை, சாணார்பட்டி பக்கத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் கையிலும் அந்தக் கறுப்புப் பை வந்துவிட்டது. அந்த வருஷத்து மடிக்கணினியை ஆன் பண்ணினவங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். நேரா விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். சில நொடிகள் காத்திருக்கும், நாம ஒண்ணும் அழுத்தாவிட்டால் தானாகவே ஒன்றுக்குள் போய்விடும்.

அந்த இரண்டாவது வரி என்ன ஆச்சு என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வி. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரு புது இயங்குதளத்தை அரசாங்கமே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு. உலகத்தில் வேறு எங்கேயும் சுலபமா நடக்காத காரியம். ஆனா திண்டுக்கல், நத்தம் பக்கம் அந்த மடிக்கணினி வாங்கின பத்துப் பேரைக் கேட்டால், பாஸ் உள்ளே போய்ப் பார்த்தவர் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் தேறுவார்கள். "அதைத் தொடாதே, கெட்டுப்போயிரும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவருக்கும் அது என்னன்னு தெரிஞ்சிருக்காது.

இதுக்கு வழக்கமா சொல்லும் பதில், நம்ம ஜனங்களுக்கு லினக்ஸ் பிடிக்கலை என்பது. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. தொட்டே பார்க்காத ஒன்றைப் பிடிக்கலைன்னு எப்படிச் சொல்ல முடியும்? தொடுவதற்கே பயம் இருந்தது. அந்தப் பயத்தில் ஒரு நியாயமும் இருந்தது. வீட்டில் இருக்கிற ஒரே கணினி அதுதான். அக்கா கல்யாண போட்டோ, தம்பியோட புராஜெக்ட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாம் அதுக்குள்ளேதான். அது நின்றுபோனால் பையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும், கூடவே கூலி. இப்படிப்பட்ட ஒரு மிஷினில் "சும்மா ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாரேன்" என்று சொல்வது சொல்கிறவருக்குச் சுலபம்.

ரெண்டு இயங்குதளத்தை ஒரே வன்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதை டூயல் பூட் என்கிறோம். இதில் உள்ள சிக்கல் என்னன்னா, எந்த நேரத்திலும் ஒன்றுதான் ஓடும், ஆனால் வன்தட்டு ரெண்டுக்கும் பொது. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் தட்டின் முதல் 512 பைட்டில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கும். எந்தப் பகுதி எங்கே தொடங்குது என்கிற அட்டவணையும் அங்கேதான், முதலில் ஓடும் துண்டு நிரலும் அங்கேதான். அட்டவணையில் நாலே நாலு இடம். லினக்ஸ் நிறுவினால் கிரப் என்கிற நிரல் அங்கே உட்கார்ந்து பட்டியல் காட்டும். அப்புறம் விண்டோஸைத் திரும்ப நிறுவினால், அது கிரப்பை ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிட்டுத் தன் நிரலை வைக்கும். லினக்ஸ் தட்டில் பத்திரமா இருக்கும், போறதுக்கு வழி மட்டும் இருக்காது.

வைரஸ் வந்துவிட்டது என்று சர்வீஸ் கடைக்குப் போன மடிக்கணினிகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான். கடைக்காரர் விண்டோஸைப் புதுசா போட்டுத் தருவார். "அண்ணே, இதுல இன்னொண்ணு இருந்துச்சே" என்று கேட்டால், "அது வேஸ்ட் தம்பி, அழிச்சு உனக்கு இ டிரைவ் ஆக்கிக் குடுத்திருக்கேன்" என்பார். படம் வைக்க இடம் கூடினதில் பையனுக்கும் சந்தோஷம்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வேலை மிஷினை ஓட வைத்துக் கொடுப்பது, அதை அவர் செய்துவிட்டார்.

நத்தம் மாந்தோப்புக்காரங்களுக்கு இதில் ஒரு விஷயம் புரியும். புது ரகம் ஒன்று எப்படிக் காய்க்கும் என்று பார்க்க யாரும் பழைய மரத்தை வேரோடு பிடுங்குவதில்லை. இருக்கிற மரத்தில் ஒரு கிளையில் ஒட்டுக் கட்டிப் பார்ப்பார்கள். பிடித்தால் சரி, காய்ந்துபோனால் அந்தக் கிளையோடு போச்சு, மரம் பாட்டுக்கு நிற்கும். டூயல் பூட் என்பது ஒட்டு இல்லை, ஒரே குழியில் இன்னொரு மரத்தை நடுவது. ஒட்டு மாதிரி ஒரு வழி கணினியிலும் இருந்தது. அது இந்த மடிக்கணினிகளுக்கு 45 வருஷம் முந்தினது.

அதைத் தெரிஞ்சுக்க 1960-களின் அமெரிக்காவுக்குப் போகணும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு ஒரு ஆய்வு மையம் இருந்தது. எம்.ஐ.டி.க்குப் பக்கத்திலேயே. அங்கே ராபர்ட் க்ரீஸி, லெஸ் கோமோ என்று ரெண்டு பேர் 1964 கடைசியில் ஒரு யோசனையைத் தொடங்கினார்கள். அப்போதைய கணினி ஒரு அறை அளவு, விலை ஒரு கம்பெனியையே அசைக்கிற அளவு. பலர் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்தணும் என்றால் பொதுவான வழி, எல்லாரையும் தாங்குகிற ஒரு பெரிய இயங்குதளத்தை எழுதுவது. இவங்க வேற மாதிரி யோசித்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு முழுக் கணினியே தனியாகக் கிடைத்தது போல ஒரு தோற்றத்தை உண்டாக்கினால் என்ன? உள்ளே இருக்கிற நிரலுக்குத் தான் நிஜக் கணினியில் ஓடுகிறோமா, பொய்க் கணினியில் ஓடுகிறோமா என்று தெரியாது.

அதுதான் சி.பி.-40. சிஸ்டம்/360 மாடல் 40 என்கிற மிஷினில் சில மாற்றங்கள் செய்து, 1967 ஜனவரி வாக்கில் நிஜப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே நேரத்தில் 14 பொய்க் கணினிகள். அடுத்து மாடல் 67-க்கு ஏற்ற சி.பி.-67. 1972 ஆகஸ்டில் இது வி.எம்./370 என்ற பெயரில் முறையான ஐ.பி.எம். தயாரிப்பாக அறிவிக்கப்பட்டது. நாம இன்னைக்கு விர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி என்று சொல்கிற சங்கதியின் பூர்வீகம் இதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம் ஒன்று உண்டு. 1970 வாக்கில் ஐ.பி.எம். அடுத்த தலைமுறை சிஸ்டம்/370-க்கு மெய்நிகர் நினைவக வசதி கொண்டுவரத் திட்டமிட்டுக் கொண்டிருந்தது. அந்த வசதியோட ஒரு மிஷின்கூட அப்போது உலகத்தில் இல்லை. ஆனால் அதற்கான இயங்குதளத்தை எழுதி, சோதித்து வைக்கணும். கேம்பிரிட்ஜ் ஆட்கள் என்ன செய்தார்கள்? சி.பி.-67-ஐத் திருத்தி, பழைய மாடல் 67-க்கு உள்ளேயே இல்லாத 370-ஐ ஓட வைத்தார்கள். இதிலும் ஒரு சிக்கல். அந்த மையத்தின் கணினியை வெளியாட்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எல்லாம் பயன்படுத்தினார்கள். 370-ல் வரப்போகும் வசதி வெளியே தெரிந்துவிடக் கூடாது. அதனால் நிஜ மிஷினில் சாதாரண சி.பி.-67, அதுக்குள் ஒரு பொய் மாடல் 67, அந்தப் பொய்க்குள் திருத்திய சி.பி., அதுக்குள் பொய் 370, அதுக்குள் புது இயங்குதளம் என்று பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கினார்கள். புதுசு எத்தனை தடவை விழுந்தாலும் மேலே வேலை செய்துகொண்டிருந்த மாணவருக்கு ஒன்றுமே தெரியாது. நிஜ மிஷின் வருவதற்கு முன்னாடியே அதன் மென்பொருள் ஓட ஆரம்பித்திருந்தது.

ஆக, "புது ஓ.எஸ்.-ஐப் பயமில்லாம முயற்சி பண்ணிப் பார்ப்பது" என்பது மெய்நிகர் கணினிக்குப் பிற்பாடு கிடைத்த உபரிப் பயன் இல்லை. பிறந்த காலத்திலேயே அதுக்குக் கிடைத்த முக்கியமான வேலைகளில் ஒன்று. வி.எம்./370 வாங்கின கம்பெனிகளும் இதற்காக அதைப் பயன்படுத்தினார்கள். பகலில் சம்பளப் பட்டியல் பழைய இயங்குதளத்தில் ஓடும், பக்கத்துப் பெட்டியில் புதுப் பதிப்பைச் சோதிப்பார்கள். இல்லையென்றால் ராத்திரியில் முழு மிஷினையும் நிறுத்திவிட்டுத்தான் சோதிக்க முடியும்.

அந்தக் குடும்பத்து மிஷின் ஒன்று தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஜெர்மன் உதவியோடு ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. கார்டு கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியூரிலிருந்து ரயில் ஏறி வந்து நிரல் ஓட்டிப் போன தலைமுறை ஒன்று உண்டு. 155 மாடலில் ஒரு விசேஷம். 1970-ல் அறிவிக்கப்பட்டபோது மெய்நிகர் நினைவகத்துக்கான முகவரி மாற்றும் வசதி அதில் கிடையாது. பிறகு வேண்டியவர்கள் தனியாகக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வசதி இல்லாத மிஷினில் வி.எம்./370 ஓடாது. 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே கிளம்பிவிட்டது.

பெரிய மிஷின்களில் இருந்த இந்த யுக்தி மேசைக் கணினிக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆச்சு? காரணம் இன்டெல் சில்லில் இருந்தது. 1974-ல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஒரு கட்டுரையில் இதற்கான நிபந்தனையைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். சுருக்கமாச் சொன்னால்: மிஷினின் நிலையைத் தொடுகிற எந்தக் கட்டளையாக இருந்தாலும், அதிகாரம் இல்லாத நிரல் அதைச் செய்யப் போனால், சில்லு உடனே நிறுத்தி மேலதிகாரியைக் கூப்பிடணும். அப்போதுதான் மேலே உட்கார்ந்திருக்கும் நிரல் நடுவில் புகுந்து, "இந்தா, நீ கேட்டது நடந்தாச்சு" என்று பொய் சொல்ல முடியும். பென்டியம் சில்லில் 17 கட்டளைகள் இந்த விதிக்கு அடங்கவில்லை என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. அதில் ஒன்று, இடைமறிப்புகளை நிறுத்தச் சொன்னால், அதிகாரம் இல்லாதபோது மறுப்பும் சொல்லாது, செய்யவும் செய்யாது, கமுக்கமாக அடுத்த வரிக்குப் போய்விடும். உள்ளே இருக்கிற இயங்குதளம் வேலை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட சில்லில் எப்படி ஏமாற்றுவது?

ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்பிளம் குழு 1997-ல் டிஸ்கோ என்ற ஆய்வில் பழைய ஐ.பி.எம். யோசனையை வேறொரு சில்லில் உயிர்ப்பித்தது. அடுத்த வருஷம் அவரும் டயான் கிரீனும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து வி.எம்.வேர் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1999-ல் சாதாரண மேசைக் கணினியில் ஓடும் முதல் தயாரிப்பு வந்தது. அந்த அடங்காத கட்டளைகளை ஓடும்போதே பிடித்து, வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்து ஓட்டினார்கள். இன்டெல் தன் சில்லிலேயே இதற்கு வசதி கொடுத்தது 2005 நவம்பரில்தான். 2007 ஜனவரியில் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமா, மூலநிரலோட வெளியானது. அதே வருஷம் பிப்ரவரியில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே கே.வி.எம். சேர்ந்தது. ஆக 2007-க்கு மேல் ஒரு பைசா செலவில்லாமல் யாரும் கணினிக்குள் கணினி வைக்கலாம்.

இதே வருஷங்களில் நம்ம ஊரில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமா இருக்கு. பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் தொகுதி ஸ்டார் ஆபிஸ் பற்றியது. 2000-களின் நடுவிலிருந்து பல வருஷங்கள் அதைப் படித்தவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்துக் கொண்டிருப்பீர்கள். ஸ்டார் ரைட்டர், ஸ்டார் கால்க் என்று மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். வெளியே வந்தால் எந்த ஆபிஸிலும் எம்.எஸ். வேர்டுதான் இருக்கும், அது வேற சோகம். ஸ்டார் ஆபிஸை வைத்திருந்த கம்பெனி சன் மைக்ரோசிஸ்டம்ஸ். அதே சன், 2008 பிப்ரவரியில் விர்ச்சுவல்பாக்ஸையும் வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கும் வரைக்கும், நம்ம பாடப்புத்தகத்து மென்பொருளும் புது ஓ.எஸ்.-ஐப் பத்திரமா முயற்சி பண்ணும் மென்பொருளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று நத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. இன்னொன்றின் பெயரைக்கூடப் புத்தகம் சொல்லலை.

2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைந்தது. சி-டாக் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் அதில் சேர்ந்து வேலை செய்தன. அங்கிருந்து வந்ததுதான் பாஸ், டெபியனை அடியாகக் கொண்ட, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும் லினக்ஸ். அந்தச் சமயத்தில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., எல்காட் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாற்றினார். இன்னொரு பக்கம் உபுண்டு குறுந்தகடு வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் வந்துகொண்டிருந்தது. அதை ஒரு பொக்கிஷம் மாதிரி வைத்திருந்த கல்லூரிப் பசங்க உண்டு. குறுந்தகட்டிலிருந்தே ஓடும் லைவ் சி.டி. ஒரு விதத்தில் பாதுகாப்பான வழிதான், தட்டைத் தொடாது. ஆனால் மிஷினை அணைத்தால் செய்தது எல்லாம் போச்சு. 2008-ல் உபுண்டுவோட வூபி வந்தது. விண்டோஸுக்குள் ஒரு பெரிய கோப்பை உண்டாக்கி அதுக்குள் லினக்ஸை நிறுவும், வேண்டாம் என்றால் மற்ற மென்பொருள் மாதிரி நீக்கிவிடலாம். ஒட்டுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்த யோசனை. கொஞ்ச வருஷத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் 2011-ல் மடிக்கணினி வருது. ரெண்டு இயங்குதளம் கொடுத்தார்கள். விண்டோஸ் எதுக்கு என்று கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர்கள் அப்போதே கேட்டார்கள். என் கேள்வி அது இல்லை. ரெண்டும் இருக்கட்டும், ஒன்றை மற்றொன்றுக்குள் ஏன் வைக்கலை?

நியாயமாப் பார்த்தால், வைத்திருந்தாலும் சுகப்பட்டிருக்காது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜி.பி.க்கு மேல் நினைவகத்தைத் தொடவே தொடாது, அது மைக்ரோசாஃப்ட் போட்ட வரம்பு. பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. அந்த 2 ஜி.பி.யில் ஒரு பாதியை உள்ளே இருக்கும் லினக்ஸுக்குக் கொடுத்தால் ரெண்டுமே ஆமை மாதிரிதான் நகரும். முடியவே முடியாது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அப்போதைய விர்ச்சுவல்பாக்ஸ், சில்லில் தனி வசதி இல்லாவிட்டாலும் 32-பிட் லினக்ஸை ஓட்டும். 2019 கடைசியில் வந்த 6.1 பதிப்பில்தான் அந்தப் பழைய வழியை எடுத்தார்கள். ஒரு எளிய திரைச்சூழலோடு அரை ஜி.பி.யில் ஒரு லினக்ஸ் ஓடியிருக்கும். வேகமா இருக்காது. ஆனா ஒரு பதினேழு வயசுப் பிள்ளைக்குத் "தைரியமா உடைச்சுப் பாரு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லக்கூடிய இடம் கிடைத்திருக்கும். என்னைக் கேட்டால் வேகத்தைவிட அதுதான் பெரிசு. கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் வேறு வழியில் இதைச் சாதித்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி ஆய்வகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார்கள். கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருந்தார். நம்ம பக்கம் மிஷின் வீட்டுக்கு வந்தது, ஆள் வரலை.

இப்போ செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 8 ஜி.பி. நினைவகம் இருந்தால் போதும், நிம்மதியா ஓடும். 4 ஜி.பி. என்றால் எளிய லினக்ஸாகத் தேர்ந்தெடுங்க. விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவினதும் பிழைச்செய்தி வந்தால், பெரும்பாலும் பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைந்து கிடக்கும், அதைப் போட்டுவிடணும். லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்க, அங்கே கொடுத்திருக்கும் ஹாஷ் எண்ணோடு ஒத்துப் பாருங்க. உள்ளே நிறுவும்போது "தட்டு முழுவதையும் அழிக்கவா?" என்று கேட்கும். பதறாதீங்க. அது கேட்பது பொய்த் தட்டைப் பற்றி. உங்க மிஷினைப் பொறுத்தவரை அது ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். நிஜத் தட்டை நேராக உள்ளே இணைக்கும் வசதியும் ஒன்று இருக்கு, அதன் பக்கம் மட்டும் போகாதீங்க.

நிறுவி முடிந்ததும் முதல் வேலையாக ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துவிடுங்க. அந்த நொடியில் தட்டு எப்படி இருந்ததோ அது உறைந்துவிடும், பிறகு எழுதுவது எல்லாம் தனிக் கோப்பில் சேரும். அப்புறம் என்ன வேண்டுமானாலும் பண்ணுங்க. கணினிக் கோப்புகளையே மொத்தமாக அழிக்கும் கட்டளை என்று எல்லாரும் பயமுறுத்துவார்களே, அதையும் ஒரு தடவை அடித்துப் பாருங்க. எது முதலில் சாகுது, எது கடைசி வரை தாங்குது என்று பார்ப்பதே ஒரு பாடம். பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நிமிஷம்கூட ஆகாது. நத்தம் மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வழுக்கி வழுக்கி விழுவார்கள். கீழே தாங்க ஆள் இருக்கும் தைரியத்தில்தான் திரும்பத் திரும்ப ஏறுகிறார்கள்.

"பத்திரம்" என்று சொல்லும்போது அதுக்கும் எல்லை உண்டு. பகிர்ந்த ஃபோல்டர் ஒன்றைத் திறந்துவிட்டால், உள்ளே அடித்த அழிக்கும் கட்டளை வெளியே இருக்கும் உங்க கோப்புகளுக்கும் வரும். இணைய இணைப்பு இருந்தால் உள்ளே வந்த கெட்ட நிரல் வீட்டு வைஃபை வரைக்கும் எட்டலாம். பெட்டியின் சுவரிலேயே ஓட்டை இருந்ததும் உண்டு. 2015 மே மாதம் வெனம் என்று பெயரிட்ட ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். கியூ.ஈ.எம்.யூ. என்கிற மென்பொருளிலும் அதன் நிரலை எடுத்தாண்ட வேறு சிலதிலும், உள்ளே இருக்கும் நிரல் சுவரைத் தாண்டி வெளியே வர வழி இருந்தது. அந்த ஓட்டை இருந்த இடம் எது தெரியுமா? பொய் ஃபிளாப்பி டிரைவ். யாரும் பயன்படுத்தாத, 2004-லிருந்து கவனிக்காமல் கிடந்த நிரல். கிரகணத்துக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதை. உடனே சரி செய்துவிட்டார்கள். வீட்டில் முயற்சி பண்ணும் நமக்கு, மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்து வைத்தால் போதும்.

2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்குப் போகச் சொன்னது. 2019-ல் மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்குள் ஒரு சின்ன மெய்நிகர் கணினி வைத்து அதில் லினக்ஸ் கருவை ஓட்டும் வசதியை அறிவித்தது. நான் 2011 மடிக்கணினிக்குக் கேட்டது கிட்டத்தட்ட அதேதான். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 வசதி இல்லாத பழைய மிஷின்கள் நம்ம பக்கத்து வீடுகளில் நிறையக் கிடக்கு. அதில் ஒன்று உங்ககிட்ட இருந்தால், இந்த வாரமே தட்டை அழித்து லினக்ஸ் போட்டுவிடாதீங்க. முதலில் இருக்கிற விண்டோஸுக்குள் ஒரு பெட்டியில் வைத்து ஒரு மாசம் ஓட்டுங்க. தமிழ் தட்டச்சு வருதா, ஆபிஸ் கோப்புகள் சரியாகத் திறக்குதா, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு ஓடுதா பாருங்க. பிரிண்டரையும் வைஃபையையும் மட்டும் பெட்டிக்குள் வைத்துச் சரியாகச் சோதிக்க முடியாது. அதுக்கு யு.எஸ்.பி.யில் லைவ் ஆக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்க.